ஐந்து வருடத் தவத்தில் பிறந்த விஸ்டா

1998, ஏப்ரல் 20. சிகாகோ நகரில் காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். உலக மகா பணக்காரர். பக்கத்தில் கிறிஸ் கபோசெல்லா என்ற இளைஞர். மைக்ரோசாஃப்ட் ஊழியர். இரண்டே மாதத்தில் வரப்போகும் விண்டோஸ் 98 எப்பேர்ப்பட்ட சமர்த்து என்று சபைக்கு நிரூபிப்பது அவருக்கு இட்ட பணி.

டெமோ ரொம்ப சிம்பிள். எந்தச் சாதனத்தை மாட்டினாலும் விண்டோஸ் தானே அடையாளம் கண்டு, தானே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். நாம் சும்மா வேடிக்கை பார்த்தால் போதும். கபோசெல்லா ஒரு ஸ்கேனரை எடுத்து ஒயரைச் செருகினார். அடுத்த சில நொடிகளில் மேடைத் திரை முழுக்க ஒரே நீலம். அதில் வெள்ளை எழுத்தில், உயிரை விட்ட சிஸ்டத்தின் மரண வாக்குமூலம்.

பெண் பார்க்கப் போன வீட்டில், ‘எங்க பையனுக்கு டீ, காபி பழக்கம்கூடக் கிடையாதுங்க’ என்று அப்பா சொல்லி வாய் மூடுவதற்குள், பையனின் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டி நழுவி விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. கேட்ஸும் சிரித்துவிட்டு, இதனால்தான் இன்னும் இதைக் கடைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது என்று சமாளித்தார். ஜூன் 25-ம் தேதி விண்டோஸ் 98 கடைக்கு வந்தது. சிரித்த உலகமே வரிசையில் நின்று வாங்கியது!

மேடையில் அசடு வழிந்த அந்த இளைஞரை மனதில் ஓர் ஓரமாக உட்கார வைத்திருங்கள். 18 வருடம் கழித்து மறுபடி வருவார்.

இந்த ஜனங்கள் ஏன் இப்படி வாங்குகிறார்கள்? அதற்கு 1995, ஆகஸ்ட் 24-ம் தேதியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அன்றைக்கு வெளியானது விண்டோஸ் 95. அதாவது ஒரு சாஃப்ட்வேர். ஆனால் நடந்ததென்னவோ சூப்பர் ஸ்டார் பட ரிலீஸ். கடை வாசலில் நள்ளிரவு கியூ. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குக் கம்பெனிக் கலரில் விளக்கு. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை அன்று மட்டும் வாசகர்களுக்கு ஓசி. பில்லைக் கட்டியது மைக்ரோசாஃப்ட். விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு. பாலாபிஷேகம் ஒன்றுதான் பாக்கி.

எதற்கு இவ்வளவு அமர்க்களம்? திரையின் இடது கீழ் மூலையில் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் எல்லாம் வரும். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் அந்த ‘ஸ்டார்ட்’டைத்தான் அமுக்க வேண்டும். இதில் உள்ள தத்துவத்தை உலகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

ஃபிளாப்பியில் வாங்கியவர்களுக்கு 13 ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றாகச் செருகி, எடுத்து, செருகி, எடுத்து... 12 ஒழுங்காகப் போய் 13-வதில் ‘படிக்க முடியவில்லை’ என்று வந்தால் எப்படி இருக்கும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும். எல்லாம் முடிந்து சிஸ்டம் எழும்போது தேவகானம் போல ஓர் ஒலி வரும், ஞாபகமிருக்கிறதா? பிரயன் ஈனோ என்ற பெரிய இசைக் கலைஞரிடம் கேட்டு வாங்கியது அது. அவர் அதை எதில் உட்கார்ந்து இசையமைத்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆப்பிள் மேக்கில்!

அடுத்து 2000-ல் விண்டோஸ் மில்லேனியம் எடிஷன் வந்தது. செல்லமாக ‘மீ’. நொந்தவர்கள் வைத்த பெயர், ‘மிஸ்டேக் எடிஷன்’. 2006-ல் ‘பிசி வேர்ல்டு’ பத்திரிகை, சரித்திரத்திலேயே மோசமான தொழில்நுட்பப் பொருட்களுக்கு ஒரு தரவரிசை போட்டபோது நான்காம் இடம் பிடித்த பெருமை இதற்கு உண்டு.

ஆனாலும் ‘மீ’யில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. சிஸ்டம் ரெஸ்டோர். ஏதாவது கெட்டுப்போனால், நன்றாக இருந்த பழைய நாளுக்குக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுபோகும் கால யந்திரம். அடடா! அதில் ஒரே ஒரு சின்னப் பிரச்னை. 2001, செப்டம்பர் 8-க்குப் பிறகு பதிந்துவைக்கும் எந்த நாளுக்கும் அதனால் திரும்ப முடியவில்லை. பழுது பார்ப்பவரே படுத்துவிட்டதால், அவரைப் பழுது பார்க்கத் தனியாக ஓர் அப்டேட் அனுப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து, 2001 அக்டோபர் 25-ம் தேதி வந்து சேர்ந்தது எக்ஸ்பி. திரை முழுக்கப் பச்சைப் புல்வெளி, நீல வானம், வெள்ளை மேகம். சார்லஸ் ஓ’ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் கலிபோர்னியாவில் காரில் போகிற வழியில் எடுத்த படம். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்த புல்வெளி. எக்ஸ்பி வந்தபோது ஜனங்கள் கொண்டாடினார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ‘சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது’ என்று கேலி செய்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள். ஏழு வருடம் கழித்து இதே எக்ஸ்பிக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தப் போகிறார்கள்.

இனிமேல்தான் நம் கதாநாயகன் கருவாகிறான்.

மைக்ரோசாஃப்ட்காரர்களுக்குப் பனிச்சறுக்கு என்றால் உயிர். கனடாவில் விஸ்லர், பிளாக்கூம் என்று இரண்டு மலைகள், பிரபலமான பனிச்சறுக்குத் தலம். எக்ஸ்பிக்கு உள்வட்டாரச் செல்லப்பெயர் விஸ்லர். அதன் பிறகு வரவேண்டிய மாபெரும் படைப்புக்குப் பெயர் பிளாக்கூம். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒன்று விடலாம் என்று முடிவானது. அதற்கு என்ன பெயர்? அங்கே மலையடிவாரத்தில் ஒரு மதுக்கடை இருந்தது. லாங்ஹார்ன். ரைட்டு, அதுவே பெயர்!

ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் வழியில் மதுக்கடையில் ஒதுங்கியவர்களுக்கு என்ன ஆகுமோ, அதுவேதான் ஆனது. இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய சின்ன வேலை, ஐந்து வருடத்துக்கும் மேல் நீண்டது.

ஒருவர் புதுமாதிரி ஜன்னல் வேண்டும் என்றார், கண்ணாடி போலப் பளபளவென்று. இன்னொருவர் ஃபைல்களைச் சேமிக்கும் முறையையே தலைகீழாக மாற்றுவோம் என்றார். எல்லோரும் ஆளுக்கொன்று போட்டார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை. கல்யாணச் சமையலில் ஐந்து பெரியப்பாக்கள் தனித்தனியாக வந்து சாம்பாருக்கு உப்புப் போட்ட கதை.

நடுவில் 2003, ஆகஸ்டில் பிளாஸ்டர் என்று ஒரு வைரஸ் எக்ஸ்பிக்குள் புகுந்து உலகெங்கும் கம்ப்யூட்டர்களை ஆட்டி வைத்தது. பில் கேட்ஸைப் பெயர் சொல்லித் திட்டும் வாசகம்கூட அதற்குள் இருந்தது. லாங்ஹார்னில் இருந்த ஆட்களை எக்ஸ்பிக்கு ஒட்டுப்போட அனுப்பினார்கள். இதில் வேடிக்கை, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஜூலையிலேயே வந்துவிட்டது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஜனங்கள்தான் தள்ளிப்போட்டிருந்தார்கள்!

விண்டோஸ் ராஜ்யத்தின் தளபதி ஜிம் ஆல்ச்சின். 2004 ஜனவரியில் அவர் கேட்ஸுக்கும் அப்போதைய சிஇஓ பால்மருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதையே நாம் மறந்துவிட்டோம், இந்தக் கம்பெனியில் வேலை பார்க்காவிட்டால் நானே ஒரு மேக் வாங்குவேன் என்பது அதன் சாரம். படைத்தளபதியே, ‘எதிரி நாட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறதாம்’ என்று அரசருக்கு ஓலை அனுப்பியது போல. அந்த ஓலை ஒரு வழக்கில் சாட்சியமாகி, 2006 டிசம்பரில் ஊருக்கே தெரிந்தது. லாங்ஹார்ன், விஸ்டா என்ற பெயரில் கடைக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது!

2004 ஜூலையில் ஆல்ச்சின் கேட்ஸின் அறைக்குப் போய், இது தேறாது என்று நேரிலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்டில், எழுதியதில் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டு வேலையைப் புதிதாக ஆரம்பித்தார்கள். ஃபைல் சேமிப்பைத் தலைகீழாக்கும் மகா திட்டத்துக்குப் பிரியாவிடை. மூன்று வருடம் கட்டிய வீட்டை இடித்து, கடைக்காலிலிருந்து மறுபடி கொத்தனாரைக் கூப்பிட்ட கதை.

புதுக் கொத்தனார்களாவது வேகமாக வேலை பார்த்தார்களா? ஒரே ஒரு ஜன்னலை எட்டிப் பார்ப்போம். கம்ப்யூட்டரை நிறுத்தும் மெனு. விஸ்டாவில் அதற்கு 2 பட்டன்கள், 7 மெனு வரிகள். ஆக, சிஸ்டத்தை அணைக்க 9 வழிகள். தூங்கவா, ஆழ்ந்து தூங்கவா, பூட்டவா, ஆளை மாற்றவா... மூன்று முடிச்சுப் போடுவதற்குக்கூட இவ்வளவு குழப்பம் கிடையாது. அந்த மெனுவில் ஒரு வருடம் வேலை பார்த்த என்ஜினியர் ஒருவர் வெளியே வந்த பிறகு கணக்குப் போட்டார். அந்த ஒரு மெனுவில் கருத்துச் சொல்லும் உரிமை படைத்தவர்கள் மொத்தம் 43 பேர். ஒரு வருடத்தில் அவர் எழுதிய புரோகிராம், மிஞ்சிப்போனால் சில நூறு வரிகள். 43 பேர் சேர்ந்தும், அணைப்பதற்கு ஒரே ஒரு பட்டன் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2007, ஜனவரி 30. ஒருவழியாக விஸ்டா பிறந்தது. விளம்பரக் கோஷம்: ‘வாவ், இப்போது ஆரம்பம்’. ஆறு வகை எடிஷன்கள். ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட். சரவண பவன் மெனு கார்டு தோற்றது. அல்டிமேட் விலை அமெரிக்காவில் 399 டாலர். அன்றைய நாளோடு தளபதி ஆல்ச்சின் ஓய்வு பெற்றார். விவரமானவர்!

இப்போது நீங்கள்தான் அந்த அமெரிக்கக் குடும்பத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிடியைப் போட்டு, மதியம் வரை உட்கார்ந்து விஸ்டாவை இன்ஸ்டால் செய்கிறீர்கள். ஜன்னல்கள் கண்ணாடி போல மின்னுகின்றன. ‘பார்த்தியா!’ என்று மனைவியைக் கூப்பிடுகிறீர்கள். அவர் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்கு. பையனோட ஸ்கூல் புராஜெக்டைக் கொஞ்சம் பிரிண்ட் எடுங்க’ என்கிறார். பிரிண்டர் வேலை செய்யவில்லை. வாவ் முடிந்தது.

பிரிண்டர் கெட்டுப்போகவில்லை. அதை விஸ்டாவோடு பேசவைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் இல்லை. டிரைவர் என்று பெயர். பிரிண்டருக்கு இல்லை, ஸ்கேனருக்கு இல்லை, சவுண்ட் கார்டுக்கு இல்லை. ‘என்னை மாதிரி சாமானியனுக்குத்தான் இந்தக் கதி’ என்று நீங்கள் வருத்தப்பட்டிருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம்.

ஜான் ஷர்லி என்று ஒருவர். மைக்ரோசாஃப்டின் முன்னாள் பிரெசிடென்ட், அப்போது இயக்குநர் குழு உறுப்பினர். அவர் பால்மருக்கு எழுதிய கடிதத்தின் சாரம்: என் பிரிண்டருக்கு டிரைவர் இல்லை, ஸ்கேனருக்கும் இல்லை, ஒரு கம்ப்யூட்டரை மாற்றும் யோசனையையே கைவிட்டேன். கம்பெனியின் இன்னொரு உயரதிகாரி மைக் நாஷ். ‘விஸ்டாவுக்குத் தயார்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்பை நம்பி வாங்கினார். பளபளப்பு எதுவும் ஓடவில்லை. 2,100 டாலர் கொடுத்து இமெயில் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று புலம்பினார். தயாரிப்பாளரே பிளாக்கில் டிக்கெட் வாங்கிப் போய், படம் புரியாமல் வெளியே வந்த கதை!

அந்த ஸ்டிக்கரை எதிர்த்து வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டதால்தான் இந்தக் கடிதங்கள் எல்லாம் 2008-ல் வெளியே வந்தன. இவர்களின் புலம்பலுக்கு, விண்டோஸ் பொறுப்புக்கு வந்திருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி சொன்ன காரணம் இருக்கிறதே, அதைத்தான் கல்வெட்டில் பொறிக்க வேண்டும். விஸ்டா என்றைக்காவது வெளிவரும் என்று யாருமே நம்பவில்லை. அதனால் டிரைவர் எழுதும் வேலையை 2006 கடைசியில்தான் ஆரம்பித்தார்கள். புலி வருது, புலி வருது என்று ஐந்து வருடம் சொன்னதன் பலன். புலி நிஜமாகவே வந்தபோது கூண்டு செய்ய ஆசாரி கிடைக்கவில்லை.

அதே வழக்கில் வெளியான இன்னொரு புள்ளிவிவரம். 2007-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ந்த விஸ்டா கிராஷ்களில் சுமார் 29 சதவீதத்துக்குக் காரணம் என்விடியா டிரைவர்கள். சுமார் 18 சதவீதத்துக்குக் காரணம் மைக்ரோசாஃப்டேதான். ஆக, ‘நாங்க இல்லீங்க, அவங்க’ என்று கை காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இருந்தது. என்ன, அதே ஆதாரத்தில் இரண்டாவது பெயர் தங்களுடையதாக இருந்தது.

டிரைவர் கிடைத்த பாக்கியவான்களுக்குக் காத்திருந்தது அடுத்த அத்தியாயம். யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல். நீங்கள் ஒரு புரோகிராமைத் திறப்பீர்கள். திரை சட்டென்று இருளும். ‘இதைத் திறக்க அனுமதி வேண்டும், தொடரவா, ரத்தா?’ என்று கேட்கும். திறந்தவனே நான்தானடா! சொந்த வீட்டுக்கு வாட்ச்மேன் போட்டோம். அவர் திருடனைப் பிடிக்கிறாரோ இல்லையோ, ஹாலிலிருந்து பாத்ரூம் போகும்போதெல்லாம் ‘யாரு சார் நீங்க, யாரைப் பார்க்கணும்?’ என்கிறார்.

ஆப்பிள் சும்மா இருக்குமா? கோட்டு சூட்டு போட்ட ஒருவர் பிசியாம். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பாதுகாவலர், பிசி வாயைத் திறக்கும்போதெல்லாம் ‘ரத்தா, அனுமதியா?’ என்று குறுக்கே வருவார். அந்த விளம்பரம் போட்டு அமெரிக்காவையே சிரிக்க வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் என்ன பதில் சொன்னது? 2008 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் டேவிட் கிராஸ் என்ற அதன் அதிகாரி சாவகாசமாகச் சொன்னார்: அதை வைத்ததே பயனாளர்களை எரிச்சல்படுத்தத்தான்!

சத்தியமாக. அவர் வாதத்தில் நியாயமும் இருந்தது. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தேவையில்லாமல் சர்வ அதிகாரமும் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஜனங்களுக்கு எரிச்சல் வந்தால் அவர்களைத் திட்டுவார்கள், அவர்களும் திருந்துவார்கள் என்பது கணக்கு. மாணவன் தப்புச் செய்தால் அவன் அப்பாவை முட்டி போட வைக்கும் புதுமைக் கல்விமுறை. அப்பாக்கள் மாணவனைத் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தைத் திட்டினார்கள்.

ஃபைல் காப்பி பண்ணினால், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவதற்கே விஸ்டா ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. ஜோசியரிடம் போனால் பலன் சொல்வதற்கு முன் அவர் கட்டம் போட்டுக்கொண்டே இருப்பாரே, அப்படி. அது போகட்டும். 2007-ல் சிலர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பாட்டு கேட்டுக்கொண்டே நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பினால் வேகம் படுத்துவிடுகிறது. பாட்டை நிறுத்தினால் பறக்கிறது!

பேய் இல்லை, பில்லி சூனியம் இல்லை. பாட்டு திக்கக் கூடாது என்பதற்காக, பாட்டு ஓடும்போது நெட்வொர்க்கை மில்லிசெகண்டுக்கு 10 பாக்கெட் என்று விஸ்டாவே கட்டிப்போட்டிருந்தது. நல்லெண்ணம்தான். ஆபீஸ் நேரத்தில் பாட்டு கேட்டால் வேலை நடக்காது என்று மேனேஜர்கள் காலம் காலமாகச் சொல்லிவந்ததை, முதன்முறையாக அறிவியல்பூர்வமாக நிரூபித்த பெருமை விஸ்டாவைச் சேரும்.

சரி, குறைகளைத் தீர்க்க சர்வீஸ் பேக் வருகிறது என்றார்கள். 2008 பிப்ரவரி. சர்வீஸ் பேக் போடுவதற்கு முன் சிஸ்டத்தைத் தயார்ப்படுத்த ஒரு குட்டி அப்டேட் வந்தது. அதைப் போட்ட சிலருக்குக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி... புனரபி ஜனனம், புனரபி மரணம். கடைசியில் அந்த அப்டேட் அனுப்புவதையே நிறுத்திவைத்தார்கள். வைத்தியத்துக்குப் போவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே ஆளை ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள்.

ஜனங்கள் பொங்கினார்கள். டெல் கம்பெனி 2007 ஏப்ரலிலேயே, எக்ஸ்பி கேட்பவர்களுக்கு மறுபடி எக்ஸ்பியே தருகிறோம் என்று இறங்கி வந்தது. 2008-ல் ‘எக்ஸ்பியைக் காப்பாற்றுங்கள்’ என்று ‘இன்ஃபோவேர்ல்டு’ பத்திரிகை நடத்திய இயக்கத்தில் 2 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. விளையாட்டுச் சாமான் என்று கேலி பேசினார்களே, அதே எக்ஸ்பி! பழைய மருமகளின் அருமை, புது மருமகள் வந்து சமைத்த பிறகுதான் மாமியாருக்குத் தெரியும்.

மைக்ரோசாஃப்டுக்கு மனது ஆறவில்லை. ‘சரக்கில் குறை இல்லை, உங்கள் மண்டைக்குள் இருக்கும் பெயரில்தான் குறை’ என்று நிரூபிக்கக் கிளம்பினார்கள். 2008 ஜூலை, சான் பிரான்சிஸ்கோ. விஸ்டாவைத் தொட்டே பார்க்காதவர்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ‘விஸ்டாவுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?’ சராசரி 10-க்கு 4.4. ‘அடுத்து வரப்போகும் மொஹாவே என்ற புது விண்டோஸைக் காட்டுகிறோம்’ என்றார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சராசரி 8.5. ‘நீங்கள் பார்த்தது விஸ்டாவேதான்!’ ரகசிய கேமராவில் எல்லாம் பதிவாகி, விளம்பரமாக வந்தது.

ஜனங்களின் முட்டாள்தனம் அம்பலம்! இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். புத்தம்புது லேப்டாப். கம்பெனி ஆளே ஓட்டிக் காட்டுகிறார். பார்வையாளர் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பழைய பிரிண்டரைக் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. ஜவுளிக்கடை பொம்மைக்குப் போட்டால் எந்தச் சட்டையும் பொருந்தும். தொப்பை நமக்குத்தானே இருக்கிறது?

2009 அக்டோபர் 22. விண்டோஸ் 7 வந்தது. ஆஹா, இதல்லவோ விண்டோஸ் என்று உலகம் கட்டித் தழுவியது. டிரைவர்கள் தயாராக இருந்தன. வாட்ச்மேன் வாயைக் குறைத்திருந்தார். இதன் உள்ளே போய் வெர்ஷன் எண்ணைப் பார்த்தால் என்ன இருக்கும் தெரியுமா? 6.1. விஸ்டாவின் எண் 6.0. அதே பையன்தான். குளிப்பாட்டி, தலை சீவி, பெயரை மாற்றி அனுப்பினார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் சுபம். புகழ் வந்தால் மனிதனுக்குக் கை சும்மா இருக்காதே. 2012 அக்டோபர் 26-ல் வந்த விண்டோஸ் 8-ல் சினோஃப்ஸ்கி கோஷ்டி ஒரு காரியம் செய்தது. டச் ஸ்கிரீன் காலம் பிறந்துவிட்டது என்று சொல்லி, 17 வருடமாக எல்லோர் விரலும் தேடிப் பழகிய ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டார்கள். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுத்தாரே, அந்த நிலைமை. நேற்று வரை இருந்தது, இன்று காணோம்! பாட்டுப் போட்டு, கட்டடத்துக்கு விளக்குப் போட்டு அறிமுகம் செய்த பட்டன் ஐயா அது.

அடுத்த மாதமே சினோஃப்ஸ்கி கம்பெனியை விட்டு விலகினார். ஒரு வருடம் கழித்து 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. ஓடிப்போய் அமுக்கினால், ஜனங்களுக்குப் பிடிக்காத அதே புதுத் திரைக்கே கொண்டுபோய் விட்டது. காணாமல்போன கிணறு கிடைத்துவிட்டது; உள்ளே தண்ணீர்தான் இல்லை.

2015. விண்டோஸ் 10. மூன்று வருடத்துக்குள் 100 கோடிச் சாதனங்களில் இது ஓடும் என்று முன்கூட்டியே மேடையில் சொல்லிவிட்டார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே? முதல் வருடம் இலவசம் என்றார்கள். ‘வேண்டுமா, வேண்டுமா’ என்று பெட்டி பெட்டியாகக் காட்டினார்கள். அமெரிக்காவின் ஐயோவா மாநில டிவியில் வானிலை அறிக்கை நேரலையில் ஓடும்போது, மழை மேகத்தின் மேல் அந்தப் பெட்டி வந்து நின்றது. ஆனாலும் சிலர் அசையவில்லை.

2016 மே மாதம் ஒரு தந்திரம் செய்தார்கள். பெட்டியின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்குமே, அதை அமுக்கினால் ‘வேண்டாம்’ என்றுதானே இருபது வருடமாக அர்த்தம்? இந்தப் பெட்டியில் மட்டும் அதற்கு ‘சம்மதம்’ என்று அர்த்தம்! தலையை இடம் வலமாக ஆட்டியவனுக்குத் தாலி கட்டி வைத்துவிட்டார்கள். கேட்காமலே வந்த விண்டோஸ் 10-ஆல் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்தும் ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார்.

அந்த வருட டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் மார்க்கெட்டிங் தலைவர் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்: அந்தப் பெருக்கல் குறி விஷயத்தில் வரம்பு மீறிவிட்டோம், சில மணி நேரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. யார் அந்தத் தலைவர்? மனதில் ஓரமாக உட்கார வைத்தோமே, ஸ்கேனரைச் செருகிய இளைஞர். கிறிஸ் கபோசெல்லாவேதான். 1998-ல் செருகியதற்கு அசடு வழிந்தார், 2016-ல் மூடியதற்கு.

ஆப்பிள் ரசிகர்கள் இங்கே கைதட்டிச் சிரிக்கும் ஓசை கேட்கிறது. கொஞ்சம் இருங்கள், உங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 24. ஐஓஎஸ் 8.0.1 அப்டேட். குறைகளைத் தீர்க்க வந்தது. அதைப் போட்ட ஐஃபோன் 6 வாடிக்கையாளர்கள் பலருக்கு சிக்னல் போய்விட்டது. போனில் எல்லாம் இருந்தது, போன் பேசுவதைத் தவிர. சுமார் ஒரு மணி நேரத்தில் வாபஸ். கறுப்புக் கண்ணாடிப் பாதுகாவலரை அன்றைக்கு விளம்பரத்தில் காணவில்லை.

சிரிப்பெல்லாம் அடங்கும் இடம் 2018 அக்டோபர். விண்டோஸ் 10-ன் பெரிய அப்டேட் ஒன்று சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டது. குழந்தை போட்டோ, ஆபீஸ் கணக்கு, எல்லாம். சில நாளிலேயே விநியோகத்தை நிறுத்தினார்கள். புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றார்கள். அந்த ஒருவருக்கு நூற்றுக்கு நூறு போயிருந்தது. இதைவிடக் கொடுமை, முன்கூட்டியே சோதித்துப் பார்த்த சிலர் பல மாதங்களுக்கு முன்பே ‘ஐயா, ஃபைல் காணாமல்போகிறது’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்கு அதிகம் பேர் லைக் போடாததால், யார் கண்ணிலும் படவில்லை!

அதற்காக, ‘அப்டேட்டே வேண்டாம், நான் பழைய புல்வெளியிலேயே இருந்துகொள்கிறேன்’ என்று சொல்லலாமா? 2017 மார்ச்சில் ஓர் ஓட்டையை அடைக்க அப்டேட் வந்தது. ‘மறுபடியும் ஏதாவது கழுத்தறுப்பாக இருக்கும்’ என்று பலர் சீண்டவில்லை. மே 12-ல் அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற வைரஸ் வந்தது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் நாட்டிலும், 2014-லேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்பியில் ஏடிஎம்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி கெடு வைக்க வேண்டியிருந்தது. நம் சம்பளப் பணமும் அந்தப் புல்வெளியில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

ஓட்டையை அடைக்கும் மருந்தையும், ‘வாவ்’ என்ற சர்க்கரைப் பாகையும் ஒரே பொட்டலத்தில் கட்டியதுதான் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் செய்த பெரிய பிழை. மேடையில் கைதட்டு வாங்க பாகு வேண்டும். நமக்கோ, நேற்று வைத்த ஃபைல் வைத்த இடத்தில் இருந்தால் போதும். பாகு பலதடவை வயிற்றைக் கெடுத்ததில், ஜனங்கள் மருந்தையும் சேர்த்துத் துப்பக் கற்றுக்கொண்டார்கள். நாம் செய்த பிழை அது.

ஆகவே மகாஜனங்களே, இன்று ராத்திரி திரையின் மூலையில் ‘அப்டேட் தயார்’ என்று வந்தால் திட்டுங்கள், தப்பில்லை. திட்டிக்கொண்டே குழந்தை போட்டோவையும் ஆபீஸ் கணக்கையும் ஒரு பென் டிரைவில் காப்பி பண்ணுங்கள். பென் டிரைவைக் கழற்றி பீரோவில் வையுங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள். அப்புறம் அப்டேட்டை அமுக்குங்கள்.